டிரெஸ்டன் முறையில் ஷ்டொல்லன் சுட்ட அனுபவம்

கிறிஸ்துமஸுக்கென ஜெர்மனியில் சுடப்படும் ஷ்டொல்லன் என்ற ஈஸ்ட் ரொட்டியை இந்த ஆண்டு டிரெஸ்டன் நகரத்து அளவுகளைப் பின்பற்றியே செய்து பார்த்தேன். ‘டிரெஸ்டன் ஷ்டொல்லன்’ என்ற பெயர் 2010 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு பெற்றுள்ளதால், அந்நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் சுடப்படுவதை மட்டுமே அப்பெயரில் விற்கலாம். நான் விற்கப் போவதில்லை என்பதால் அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். 100 பங்கு மாவுக்குக் குறைந்தது 50 பங்கு வெண்ணெய், 65 பங்கு உலர்திராட்சை, 20 பங்கு பாகில் ஊறிய ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல், 15 பங்கு பாதாம் என்பது விதி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான ஆட்வென்ட் நோன்புக் காலத்தில் வெண்ணெய் விலக்கப்பட்டிருந்ததால் முற்காலத்தில் இதை எண்ணெய் ஊற்றிச் சப்பென்றுதான் சுட்டார்கள். டிரெஸ்டன் அமைந்துள்ள சாக்சனிப் பகுதியின் ஆட்சியாளர்கள் முறையிட்டதன் பேரில் 1491இல் போப் எட்டாம் இன்னசென்ட் வெண்ணெய்க்கு அனுமதி அளித்தார். அரைக் கிலோ மாவுக்குக் கால் கிலோ வெண்ணெயை நிறுத்து வைத்தபோது, கிடைத்த அனுமதியை அவர்கள் துளியும் வீணாக்கவில்லை என்பது விளங்கியது.

சிக்கலும் அந்த வெண்ணெயில்தான் இருக்கிறது. கொழுப்பு மாவின் புரத இழைகளைப் பூசிக்கொண்டு அவை பின்னிக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. சர்க்கரையோ ஈஸ்ட்டுக்கு வேண்டிய நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. ஆகவே மாவில் ஒரு பகுதியை வெதுவெதுப்பான பாலிலும் ஈஸ்ட்டிலும் கரைத்து, நுரைத்துக் குமிழிவிடும்வரை தனியே வைத்தேன். அதன் பிறகே மீதி மாவையும் சர்க்கரையையும் எலுமிச்சைத் துருவலையும் ஜாதிபத்திரிப் பொடியையும், உருக்காமல் மென்மையாக மட்டும் இருந்த வெண்ணெயையும் சேர்த்துப் பிசைந்தேன். முந்தைய இரவே ரம்மில் ஊறவைத்த திராட்சையைக் கடைசியில் கையால் மெல்லக் கலக்க வேண்டும். முன்னதாகப் போட்டால் நசுங்கி மாவு முழுவதும் பழுப்பேறிவிடும். இந்த மாவு சாதாரண ரொட்டி மாவைப்போல் இருமடங்காக உப்பாது. சற்றே தடித்து, விரலால் அழுத்திய குழி மெதுவாக மீண்டால் அதுவே போதும்.

அச்சு எதுவும் இல்லாமல் நீள உருண்டைகளாகத் தட்டில் வைத்து, மேலே தலைகாட்டிய திராட்சைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்தேன். இல்லாவிட்டால் அவை கருகிக் கசக்கும். ஓவனிலிருந்து எடுத்த சூட்டிலேயே உருக்கிய வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, முதலில் சர்க்கரையையும் ஆறிய பின் பொடித்த சர்க்கரையையும் தூவினேன். பலர் இதை அலங்காரம் என்று கருதி அளவைக் குறைக்கிறார்கள். உண்மையில் ஈரம் வெளியேறாமல் காப்பது இந்தப் பூச்சுதான்.

சுட்ட அன்றே விண்டு பார்த்த ஓரத் துண்டில் ரம் வாடை தனியாகவும் தோலின் கசப்பு தனியாகவும் தெரிந்தன. தாளில் சுற்றிக் குளிர்ந்த இடத்தில் சில வாரம் வைத்த பிறகு, திராட்சையின் ஈரம் மாவுக்குள் இறங்கி மணம் ஒன்றாகியிருந்தது. பாதாமைவிட ஆரஞ்சுத் தோலே சுவையை முடிவு செய்கிறது என்பதால், தோலை வீட்டிலேயே பாகில் ஊறவைத்தது வீண்போகவில்லை. நறுக்கும்போது ஓரத்திலிருந்து தொடங்காமல் நடுவில் வெட்டித் துண்டுகளை எடுத்துக்கொண்டு, மீந்த இரு பாதிகளையும் நெருக்கிச் சேர்த்துவைத்தால் வெட்டிய முகம் உலர்வதில்லை.