மேற்பார்வைக்கு எதைக் கொண்டுபோவது?

பயிற்சியை முடித்துத் தனியாக அமர்வுகள் நடத்தத் தொடங்கியிருக்கும் உளச்சிகிச்சையாளர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, மேற்பார்வைக்கு, அதாவது தாம் நடத்தும் சிகிச்சையை மூத்தவர் ஒருவரிடம் ஒழுங்காக விவரித்துப் பேசும் சந்திப்புக்கு, எந்த கேஸைக் கொண்டுவருவது என்பதுதான். பெரும்பாலோர் கேட்கும்போதே ஒரு விடையையும் கையில் வைத்திருக்கிறார்கள்: நோயறிதல் சிக்கலாக இருப்பவரை, அல்லது சிகிச்சை ஓரளவு நன்றாகப் போய்க்கொண்டிருப்பவரை. முதலாமவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டாமவரைப் பற்றிப் பேசினால் தங்கள் திறமை தெரியவரும் என்பது வெளியே சொல்லாத கணக்கு. நான் சிலருக்கு மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் சொந்த வேலைக்கு இன்றும் மேற்பார்வை பெற்றும் வருகிறேன். இரண்டு நாற்காலிகளிலும் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது வேறு. யாரைப் பற்றிப் பேச எடுத்தால் நம் குரல் சற்றுத் தாழ்கிறதோ, யாருடைய பெயரைக் கண்டதும் பட்டியலில் அடுத்தவருக்குத் தாவத் தோன்றுகிறதோ, அவரைத்தான் முதலில் கொண்டுபோக வேண்டும்.

இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம்; காரணம் மேற்பார்வை தொடங்கிய விதத்திலேயே இருக்கிறது. 1920இல் பெர்லினில் ஃபிராய்டின் சீடர் மாக்ஸ் ஐட்டிங்கோன் முதலானோர் தொடங்கிய உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையகத்தில், பயிற்சி பெறுபவர் தாம் நடத்தும் சிகிச்சையை மூத்தவர் ஒருவரிடம் தொடர்ந்து விவரித்தாக வேண்டும் என்பது பயிற்சியின் ஒழுங்கான பகுதியாக நிலைபெறத் தொடங்கியது. அன்று தொடங்கிய ஒரு முரண் இன்றும் தீரவில்லை. கற்றுக்கொடுப்பவரே மதிப்பிடவும் செய்கிறார். உங்கள் தடுமாற்றத்தைக் கேட்டு உதவவேண்டியவர்தான், நீங்கள் தனியாகச் சிகிச்சை அளிக்கத் தகுதியானவர் என்று கையெழுத்துப் போடவேண்டியவரும். இந்த நிலையில் ஒருவர் எல்லாவற்றையும் திறந்து சொல்வார் என்று எதிர்பார்ப்பது சற்று அதிகம்தான். 1996இல் நிக்கோலஸ் லடானியும் அவருடைய சக ஆய்வாளர்களும் பயிற்சி நிலையில் இருந்த 108 சிகிச்சையாளர்களிடம் கேட்டபோது, ஏறக்குறைய எல்லோருமே மேற்பார்வையாளரிடம் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் மறைத்ததாகத் தெரிவித்தார்கள். மறைக்கப்பட்டவற்றுள் முன்னணியில் இருந்தது, அந்த மேற்பார்வையாளர்மீதே அவர்களுக்கு இருந்த மனக்குறை. மேற்பார்வையாளரிடம் சொல்லாததைப் பலர் வேறு யாரிடமாவது, பெரும்பாலும் கூடப் பயிற்சி பெறுபவரிடம், சொல்லியும் இருந்தார்கள். அதாவது பேச்சு நடக்கத்தான் செய்கிறது. நடக்கவேண்டிய அறையில் நடப்பதில்லை.

ஆகவே மதிப்பீடு என்ற ஒன்றே இல்லாததுபோல நடந்துகொள்ளும் மேற்பார்வையாளரை நான் நம்பமாட்டேன். எந்தெந்த அளவுகோல்களால் மதிப்பிடப்போகிறார், அறிக்கை எழுதினால் அது யார் கைக்குப் போகும், எழுதியதை முதலில் நமக்குக் காட்டுவாரா என்பவற்றை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அடுத்தது, நினைவிலிருந்து சொல்வதில் உள்ள சிக்கல். அமர்வு முடிந்து சில நாள் கழித்து நாம் சொல்லும் கதையில், நாம் சொன்ன வாக்கியங்கள் சொன்னபடி இருப்பதில்லை. கொஞ்சம் திருந்தி, கொஞ்சம் அழகாகிவிடுகின்றன. பொய் சொல்லும் எண்ணம் யாருக்கும் இருப்பதில்லை, நினைவின் இயல்பே அது. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்தில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அமர்வுகளை ஒலித்தட்டுகளில் பதிவுசெய்து, அவற்றைப் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் பயன்படுத்தத் தொடங்கினார். இன்று கைபேசி போதும். சிகிச்சைக்கு வருபவரின் எழுத்துமூலச் சம்மதம், பதிவைப் பாதுகாக்கும் முறை, எப்போது அழிப்பது என்ற உறுதி, இவை மூன்றும் இருந்தால் பதிவைத் தவிர்ப்பதற்கு நல்ல காரணம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ‘அவருக்குச் சங்கடமாக இருக்கும்’ என்று சொல்லப்படும்போது, சங்கடம் யாருக்கு என்பதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடையாளங்கள் அனைத்தையும் மாற்றி ஓர் இடத்தை மட்டும் காட்டுகிறேன். இளம் சிகிச்சையாளர் ஒருவர், அந்த அமர்வு சுமுகமாகப் போனது, வந்தவர் நன்றாகப் பேசினார் என்று சொல்லித்தான் பதிவை ஓடவிட்டார். பாதியில் வந்தவரின் குரல்: “அப்பா இறந்தப்போ எனக்கு அழுகையே வரல.” பிறகு ஒரு சிறிய இடைவெளி. அதன்பின் சிகிச்சையாளரின் குரல், மிகவும் கனிவாக: “அது எந்த வருஷம்?” வந்தவர் வருடத்தைச் சொன்னார், அப்போது தாம் எந்த வேலையில் இருந்தார் என்று சொன்னார், அந்த வேலையைப் பற்றி மேலும் பேசிக்கொண்டே போனார். அப்பாவின் பேச்சு அந்த அமர்வில் திரும்ப வரவே இல்லை.

இங்கே மேற்பார்வையாளர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘அப்போது என்ன தோன்றியது என்று கேட்டிருக்கலாமே’ என்று திருத்தினால், அடுத்த அமர்வில் அவர் அந்த வாக்கியத்தை மனப்பாடமாகச் சொல்வார்; அதுவும் வருடம் கேட்பதைப் போலவே ஒரு தப்பித்தலாகிவிடும். நார்மன் கேகன் 1960களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறையில், பதிவை ஓடவிட்டு, சிகிச்சையாளரே விரும்பிய இடத்தில் நிறுத்தி, அந்தக் கணத்தில் தமக்குள் ஓடியதை நினைவுகூர்வார். உடனிருப்பவர் தீர்ப்புச் சொல்வதில்லை. உங்களுக்குள் அப்போது என்ன ஓடியது, சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது எது, அவர் உங்களைப் பற்றி என்ன நினைப்பதாகத் தோன்றியது என்று கேட்பதோடு சரி. நான் சொன்ன சிகிச்சையாளர் அந்த இடைவெளியில்தான் பதிவை நிறுத்தினார். அவர் சொன்னது: “அவர் அழுதுவிடுவாரோ என்று பயமாக இல்லை. அழாமலேயே உட்கார்ந்திருப்பாரோ என்றுதான் பயமாக இருந்தது.” அன்று மீதி நேரம் முழுவதும் நாங்கள் பேசியது இதைத்தான்.

மேற்பார்வையில் அதிகம் பேசப்படும் கருத்தொன்று, சிகிச்சை அறையில் நடப்பதன் பிரதி மேற்பார்வை அறையிலும் தோன்றும் என்பது. உளப்பகுப்பாய்வாளர் ஹெரால்ட் சேர்ல்ஸ் 1955இல் இதைக் கவனித்து எழுதினார். எதைச் சொன்னாலும் ‘அதையும் செய்து பார்த்துவிட்டேன்’ என்று கைவிரிக்கும் ஒருவருக்குச் சிகிச்சை அளிப்பவர், மேற்பார்வைக்கு வந்து அதே தொனியில் கைவிரிக்கிறார். மேற்பார்வையாளரும் தம்மையறியாமல் யோசனைமேல் யோசனையாக அடுக்குகிறார். இதைக் கண்டுகொண்டால் சிகிச்சைக்கு வருபவருடைய தவிப்பு எப்படிப்பட்டது என்பது இருவருக்கும் நேரடியாகப் புரியும். ஆனால் இக்கருத்தை மேற்பார்வையாளர்கள் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது என் எண்ணம். சிகிச்சையாளர் தாமதமாக வந்தாலும் பிரதிபலிப்பு, கோபப்பட்டாலும் பிரதிபலிப்பு என்றால், அந்தக் கோபம் மேற்பார்வையாளர் பேசிய விதத்தால் வந்ததாகவும் இருக்கலாம் என்ற எளிய சாத்தியம் மறைந்துபோகிறது.

தன் சொந்த வாழ்க்கையை மேற்பார்வையில் எவ்வளவு பேசலாம் என்ற குழப்பமும் புதியவர்களுக்கு உண்டு. நான் வைத்திருக்கும் கோடு இதுதான்: உங்கள் வாழ்வில் ஒரு துக்கம் நேர்ந்திருந்தால், அது இந்த அமர்வில் உங்கள் காதை எங்கே அடைத்தது என்பது வரைக்கும் மேற்பார்வையின் வேலை. அந்தத் துக்கத்தை என்ன செய்வது என்பது உங்கள் சொந்தச் சிகிச்சையாளரிடம் பேசவேண்டியது. கோட்டைத் தாண்டுவது பெரும்பாலும் மேற்பார்வையாளர்தான்; அவருக்கு நன்றாகத் தெரிந்த வேலை சிகிச்சை, அதற்கே கை போகிறது.

உயிராபத்து விஷயத்தில் மட்டும் வாராந்திர நேரத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. தற்கொலை எண்ணம், குழந்தைக்கு நேரும் கொடுமை, பிறரைத் தாக்கும் மிரட்டல் ஆகியவை வந்தால் இடைப்பட்ட நாளில் யாரை, எந்த எண்ணில் அழைப்பது, அவர் கிடைக்காவிட்டால் அடுத்து யார் என்பது முதல் சந்திப்பிலேயே எழுதிவைக்கப்பட வேண்டும். அன்று அழைத்தவருக்கு என்ன ஆலோசனை தரப்பட்டது என்பதை இருவருமே குறித்துவைக்க வேண்டும். அதேபோல், தம்மைப் பற்றிய பேச்சு மேற்பார்வையாளரிடம் போகும் என்பதைச் சிகிச்சைக்கு வருபவரிடம் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நிறுவனத்தில் வேலைசெய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாதத்துக்கு எத்தனை அமர்வுகள் நடந்தன, கோப்புகள் முடிந்தனவா என்று கேட்கும் மேலாளருடனான சந்திப்பு, மேற்பார்வை என்று பெயர் வைத்தாலும் இந்த மேற்பார்வை ஆகாது.

சில நாடுகளில் உரிமம் கிடைக்கும் வரைக்கும்தான் மேற்பார்வை கட்டாயம். பிரிட்டனில் தொழில்செய்யும் காலம் முழுவதும் அது எதிர்பார்க்கப்படுகிறது. பின்னதே சரி என்பது என் கட்சி, ஆனாலும் ஒரே மேற்பார்வையாளரிடம் பல ஆண்டுகள் இருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. அவர் எதைக் கேட்பார், எதை விட்டுவிடுவார் என்று நமக்குப் பழகிவிட்டால், கேட்கமாட்டாத பக்கமே வேண்டாதவற்றை ஒதுக்கிவைக்கவும் பழகிவிடுகிறோம். வேறு சிகிச்சைமுறையில் பயின்ற ஒருவரிடம் மாறும்போது, பழையவரிடம் முன்கூட்டியே சொல்லி, கடைசிச் சந்திப்பு ஒன்றை இதற்கென ஒதுக்கி, நடப்பிலுள்ள ஒவ்வொருவரின் நிலையையும், குறிப்பாக ஆபத்துக் குறிப்புள்ளவர்களுடையதை, இருவரும் சேர்ந்து பார்த்துவிட்டுப் போகலாம். அவரிடம் இதுவரை பேசாமல் விட்டவர்கள் யார் யார் என்று அந்தப் பட்டியலிலேயே தெரிந்துவிடும். புதியவரிடம் அவர்களிலிருந்தே தொடங்கலாம்.