ஒப்புதல் படிவத்தோடு ஏழு மாதங்கள்

திருநங்கைகளிடையே எச்.ஐ.வி. தடுப்பு பற்றி ஆய்வு செய்ய, ஆய்வுகளில் பங்கேற்பவர்களின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. அதில் ஐந்து மாதங்களை, பங்கேற்பவரின் சம்மதத்தைப் பெறும் ஒப்புதல் படிவமே எடுத்துக்கொண்டது.

ஆங்கிலத்தில் நான்கு பக்கம், தமிழில் ஆறு. விழுப்புரம் பக்கம், திருநங்கைகள் ஒரு குடும்பமாகச் சேர்ந்து வாழும் ஒரு ஜமாத் வீட்டில் அதை வாசித்துக் காட்டினேன். இரண்டாம் பத்தியிலேயே அங்கிருந்த மூத்த அக்கா கையை உயர்த்தினார். “தன்னார்வப் பங்கேற்பாளர் என்றால் யார் கண்ணு, நானா? வேண்டாம் என்று சொன்னால் ஏ.ஆர்.டி. மையத்தில் எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்திவிடுவார்களா? அதை முதலில் சொல்.”

நிறுத்த மாட்டார்கள் என்ற வரி ஐந்தாம் பக்கத்தில் கிடந்தது. அன்றிரவே அதை முதல் வரியாக்கினேன். படிவம் இரண்டு பக்கமாகச் சுருங்கியது.

அடுத்தது கையெழுத்து. அக்கா பேனாவைப் பிடித்தபடியே இருந்தார். “ரேஷன் கார்டில் இருப்பது அப்பா வைத்த பெயர். அதைப் போட்டால் நான் இல்லை. என் பெயரைப் போட்டால் உங்கள் காகிதத்துக்குச் செல்லாது.” அந்தத் தாள் என்றாவது ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்ற பயமும் அவருக்கு இருந்தது. பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும், சாட்சி முன்னிலையில் வாய்மொழி ஒப்புதல் என்று எழுதி அனுப்பினேன். குழு இரண்டு முறை திருப்பி அனுப்பியது.

நான் விடாமல் நின்றதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில் காப்பகத்தில் இருந்த ஆறு பெண்களிடம். டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூருக்கு எடுத்துச் சென்றார். அந்தத் துணிச்சலால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. ஆனால் என்ன சோதனை என்று அந்தப் பெண்களுக்குத் தெரியாது. ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது என்ற சட்டம் 2017-இல்தான் வந்தது. படிவம் என்றாலே எனக்கு அந்த ஆறு பேர்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

மூன்றாம் முறை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டி நெறிகளை எடுத்துக்காட்டி, சமூகப் பிரதிநிதியாக அக்காவை அழைக்குமாறு கேட்டேன். அவர் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து, அன்று பேனாவைப் பிடித்தபடி பெயரைப் பற்றிச் சொன்னதையே அங்கும் சொன்னார். பத்து நிமிடம்தான். அனுமதி கிடைத்தது.

முதல் நாள் பதினொரு பேர் வந்தார்கள். நான்கு பேர் படிவத்தை முழுவதும் கேட்டுவிட்டு வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கும் பஸ் கட்டணம் கொடுத்து வாசல் வரை போய் வழியனுப்பினேன்.