நூலகத் தரையில் ஒரு ஆவுளியா

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் பக்கம் எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வருகிறேன். ஐந்து வயது முதல் ஒன்பது வரை, இருபது பேர் தேறுவார்கள். முக்கால் மணி நேரம். இந்த முறை கடல்.

முதல் தடவை சொதப்பல்தான். திமிங்கிலம், சுறா, ஆக்டோபஸ் என்று சார்ட்டில் வெட்டி, அம்மாவின் பழைய நீலப் புடவையைச் சுவரில் கட்டி ஒட்டியிருந்தேன். வந்து உட்கார்ந்ததுமே ஒரு பையன், "அக்கா, இது வடகடலா, தென்கடலா?" என்றான். இங்கே பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வாடையில் வடகடல் புரளும்போது தென்கடல் குளம் மாதிரி கிடக்கும். "சும்மா... கடல்டா" என்றேன். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மின்விசிறி வேறு. நிறுத்தினால் வெந்துபோவோம், போட்டால் புடவை எழும்பித் திமிங்கிலம் என் மூஞ்சியில் அடிக்கிறது. "கீழ ஈயக்குண்டு கட்டணும்க்கா, வலைக்குக் கட்டுற மாதிரி" என்றாள் ஒரு சிறுமி. அட, ஆமாம். ஆனால் ஈயத்தைச் சின்னப் பிள்ளைகள் கை படும் இடத்தில் வைக்க மனமில்லை. அடுத்த மாதம் புடவை ஓரத்தை மடித்துத் தைத்து உள்ளே கூழாங்கல் போட்டேன். அடங்கியது. மீன்களைத் தொங்கவிட நூலுக்குப் பதில் தங்கூசி, அதாவது தூண்டிலுக்குப் போடும் நைலான் நரம்பு. அதில் நான் போட்ட முடிச்செல்லாம் வழுக்கியது. அவிழாத முடிச்சைப் போட்டுக் காட்டியதும் அதே சிறுமிதான்.

இரண்டாம் தடவை திமிங்கிலத்தைத் தூக்கிவிட்டேன். இரண்டே உயிர்கள். கடல் குதிரையில் ஆண்தான் முட்டைகளைத் தன் வயிற்றுப் பையில் சுமக்கும் என்றதும் ஒருவன், "அப்ப அம்மாதான் கடலுக்குப் போகுமா?" என்று கேட்டான். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

அப்புறம் ஆவுளியா. புத்தகத்தில் கடல் பசு என்று இருக்கும், இங்கே பெரியவர்கள் வாயில் ஆவுளியாதான். வளர்ந்தது சுமார் 3 மீட்டர் இருக்கும் என்று சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. கயிற்றால் அளந்து சாக்பீஸால் தரையில் வரைந்தேன். தலையும் காலும் சேர்த்து மூன்று பேர் படுத்த பிறகுதான் வால் முனை வந்தது. என்ன தின்னும் என்றதற்கு எல்லாரும் ஒரே குரலில் "மீன்!" கடல்தாழை, அதாவது கடலடியில் வளரும் புல், என்றதும் நம்பவில்லை. அது குட்டிக்குப் பால் கொடுக்கும், மூச்சுவிட மேலே வரும் என்று சொல்லி, புடவையை அவிழ்த்து விரித்து ஒரு விளையாட்டு வைத்தேன்: அடியில் மூச்சைப் பிடித்துப் படு, முடியாதபோது தலையை நீட்டு. அதோடு கதை போச்சு. மிச்சத்தைக் கேட்க ஆளில்லை. இனி விளையாட்டு கடைசியில்தான்.

சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள். வாசலில் இரண்டு அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. அந்தச் சமயத்தில் வீட்டிலிருக்கும் அப்பா யாரையாவது பிடித்து வந்து தரையில் வலை விரிக்கச் சொல்ல வேண்டும். ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். "எனக்குக் கதையெல்லாம் வராதும்மா" என்றவர், ஒரு புயலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார்.