எங்கள் ஊரில் சித்திர வகுப்பு தொடங்கிய கதை

மட்டக்களப்பு கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்து முடித்துவிட்டு வேலை இல்லாமல் வீட்டில் இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் பின்னேரங்களில் வந்து என் பிரஸ்களை எடுத்து ஏதாவது தீட்டிக்கொண்டிருப்பார்கள். அதில்தான் தொடங்கியது, 2023இல். களுவாஞ்சிகுடிப் பக்கம் பள்ளிக்கூடம் விட்டால் பிள்ளைகளுக்கு ரியூசன்தான், அது முடிந்தால் இன்னொரு ரியூசன். இதே மாதிரி வகுப்பு தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடம் எடுப்பதுதான் பெரிய பாடு. ஒரு பள்ளிக்கூடத்தில் வகுப்பறை கேட்டு மூன்று மாதம் நடந்தேன், "அடுத்த கிழமை வாங்க" என்றே சொல்லிக் கடைசியில் இல்லை என்றார்கள். அப்புறம்தான் முன்பள்ளிக் கட்டடம் கண்ணில் பட்டது, பன்னிரண்டு மணிக்குப் பிறகு அது பூட்டித்தான் கிடக்கும். கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்தேன், கூட்டத்தில் எழும்பி நின்று பேசினேன், கரண்ட் பில்லில் பாதியைக் கட்டுகிறேன் என்றதும் திறப்பைத் தந்துவிட்டார்கள். ஆகவே முதலில் சங்கத்திடம் போங்கள்.

தாய்மார் அவ்வளவு இலகுவில் சம்மதிக்கவில்லை. "புள்ள, இவனுக்கு வாற வருசம் ஸ்கொலர்சிப் சோதின, அது முடியட்டும், மறுகா பாப்பம்" என்று ஒரு அக்கா சொன்னார். அந்தப் பயம் நியாயமானது, நான் அதோடு வாதாடவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் சித்திரமும் ஒரு அழகியல் பாடம்தானே என்று விளங்கப்படுத்தினேன், ரியூசன் இல்லாத புதன் பின்னேரத்தையும் சனி காலையையும் தேர்ந்தெடுத்தேன், இருட்டுவதற்கு முன் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள் என்று சொன்னேன். முதல் நாள் ஏழு பேர் வந்தார்கள்.

சாமான் செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கொப்பி விலையே தாங்க முடியாதபோது சித்திரக் கொப்பியும் வாட்டர் கலரும் வாங்கி வா என்று யாரிடம் சொல்வது? அச்சகத்தில் வெட்டி மிஞ்சும் தாள்களைக் கேட்டு வாங்கினேன். பழைய கலண்டர்களின் பின்பக்கமும் நல்லதுதான், ஆனால் வழுவழுப்பான தாளில் வாட்டர் கலர் பிடிக்காமல் முத்து முத்தாக உருண்டுவிடும், அதற்கு பஸ்டல்தான் சரி. கலர் கலக்கச் சிரட்டை. மஞ்சள் தூளைக் கரைத்தும் தீட்டினோம், வெயில் பட்டால் சில நாளில் வெளிறிப்போகிறது, அதனால் சுவரில் மாட்டும் படத்துக்கு வேண்டாம்.

இனி உண்மையான விசயத்துக்கு வருகிறேன். முதல் நாள் விரும்பியதைக் கீறச் சொன்னேன். ஏழு பேரில் ஆறு பேர் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஒரு வீடு, ஒரு நீல ஆறு. எங்கள் ஊரில் மலையே கிடையாது! கிழக்கே கடல், மேற்கே வாவி, இடையில் ஒரு மணல் கீற்று. எழுவான்கரை என்று எங்கள் பக்கத்துக்குப் பெயர் வந்ததே சூரியன் கடலிலிருந்து எழும்புவதால்தான், ஆனால் அதைப் பிள்ளைகள் யாரும் கீறவில்லை. பார்த்துக் கீறு என்று கரும்பலகையில் படம் போட்டுக் கொடுத்தே பழக்கியிருக்கிறோம், அந்தப் பிழை பிள்ளைகளுடையது இல்லை.

அடுத்த புதன் வகுப்பைப் பூட்டிவிட்டு ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன். நாங்கள் பேச்சில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். அரை மணித்தியாலம் பென்சிலைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான் என்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு சிறுவன், "ரீச்சர், ஆறு நீலமில்லையே" என்றான். பிறகு என்ன நிறம் என்று ஏழு பேரும் சண்டை. திரும்பி வந்து சிரட்டையில் நீலத்தையும் மஞ்சளையும் கலந்தார்கள், பச்சை வந்தது, ஆனால் அது இலைப் பச்சை. ஒரு பொட்டுச் சிவப்பு விடச் சொன்னேன். பச்சை மங்கி, கலங்கி, அந்தக் கரையோரத் தண்ணீராகவே மாறியது. "அதுதான், அதுதான்!" என்று ஒரு பிள்ளை கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. மாரியில் வெள்ளம் வந்தபோது, இப்போது தேத்தண்ணி நிறம் ரீச்சர் என்று அவர்களே வந்து சொன்னார்கள்.

இப்போது பத்தொன்பது பேர். மாதம் முந்நூறு ரூபா, இயலாதவர்களிடம் கேட்பதில்லை. மழைக்குக் கூரை ஒழுகுகிறது, அதற்கு இன்னும் வழி பார்க்கவில்லை.

வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையிலிருந்து ஒரு சிறுவன் சனிக்கிழமைகளில் தகப்பனோடு மண்டூர்ப் பாதையில் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவையைத்தான் பாதை என்போம்) ஆற்றைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி வருகிறான். போன மாதம் அந்தப் பாதையைக் கீறினான். கரையில் நின்று பார்ப்பது போல இல்லை, உள்ளே நிற்கிற அவன் உயரத்திலிருந்து. மோட்டார் சைக்கிள் சில்லுகள், சாரன் கட்டிய கால்கள், ஒரு மரக்கறிப் பை, அவற்றுக்கிடையே ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு மட்டும் அவன் மூன்று தரம் கலர் கலந்தான்.