டிபியாக இருந்தால் நல்லது

ஜூன் 11, 2024, செவ்வாய் – குன்னூர்

பெட் ஸ்கேனில் நெஞ்சின் நடுவே, மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஒரு நெறிக்கட்டி தெரிகிறதாம். வலது நுரையீரலில் சின்னதாக ஒரு புள்ளியும். 2015-ல் இடது மார்பில் கேன்சர், 2020-ல் அதே தழும்புக்குப் பக்கத்தில், இப்போது இது.

நான் முடிவு கட்டிவிட்டுத்தான் கோவைக்குப் போனேன். டாக்டர் முடிவு கட்டவில்லை. ஸ்கேனுக்கு முன் ஏற்றும் மருந்து ஒருவகைச் சர்க்கரை. அதைக் கேன்சரும் தின்னும், டிபியும் தின்னும். நம் ஊரில் டிபியை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது, துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். கேன்சரே என்றாலும் எடுத்தாக வேண்டுமாம். திரும்பி வரும் கட்டி முதலில் இருந்த குணத்தோடேயே வரும் என்று சொல்ல முடியாது. ஹார்மோனுக்குக் கட்டுப்படுமா, ஹெர்2 என்கிற, கட்டியை வளரத் தூண்டும் புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் மருந்து.

ஆக, டிபியாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். "வாயக் கழுவு" என்றார் அண்ணி. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பெரும்பாலும் ஆறு மாத மாத்திரை, அரசு மருத்துவமனையில் இலவசம், முடிந்தால் முடிந்தது. என் நிலையில் அது லாபம்தான்.

ஜூன் 13, வியாழன் – கோவை

அண்ணன் வீட்டில் தங்கல். பர்லியாறில் மங்குஸ்தான் வந்துவிட்டது, விலைதான் கிட்டே போக முடியவில்லை. ரத்தத்தை இளக்கும் மாத்திரையை டாக்டர் சொன்னபடி முன்பே நிறுத்தியாயிற்று. இன்று நள்ளிரவுக்கு மேல் சாப்பாடு கிடையாது.

ஜூன் 14, வெள்ளி

காலையில் கிளம்பும்போதே இடது கையில் பேனாவால் "இந்தக் கை வேண்டாம்" என்று எழுதிக்கொண்டேன். அக்குளில் நெறிகளை எடுத்த கை அது. ஊசி குத்தினால், பிபி பட்டையை இறுக்கினால் வீங்கலாம் என்று தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஃபைலில் இருப்பதை யார் படிக்கிறார்கள்? நர்ஸ் பெண் பட்டையை எடுத்துக்கொண்டு நேராக இடது கைக்குத்தான் வந்தாள். படித்தாள், சிரித்தாள், மறுபக்கம் போனாள்.

தொண்டையில் மரத்துப்போக ஸ்பிரே அடித்தார்கள். அப்படி ஒரு கசப்பு. கொஞ்ச நேரத்தில் எச்சில் உள்ளே போகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. "முழுங்காதீங்கம்மா, துப்பிருங்க" என்று கிண்ணத்தை நீட்டினார்கள். பல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம், மூக்கில் ஆக்சிஜன். முழு மயக்கம் கிடையாது, அரைத்தூக்கம். நுனியில் கேமராவும் குட்டி அல்ட்ராசவுண்டும் இருக்கிற குழாயை வாய் வழியாக விட்டு, மூச்சுக்குழாய்ச் சுவர் வழியே ஊசியைச் செலுத்தி நெறிக்கட்டியிலிருந்து எடுத்தார்கள். அப்புறம் மெல்லிய இன்னொரு குழாயில் குட்டி இடுக்கியை விட்டு நுரையீரலிலிருந்தும் துணுக்குகள். இதெல்லாம் அவர்கள் பிறகு சொன்னது. எனக்கு நினைவிருப்பது இருமல் மட்டும்தான். வலி என்று சொல்ல முடியாது. புரை ஏறினால் வருமே, அந்தத் தவிப்பு, நிற்காமல்.

மரப்பு போகும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கூடாது. பிறகு எக்ஸ்ரே. சாயங்காலம் சளியில் சிவப்பாக ஒரு நூல். இது வரும், பயப்படாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

ஜூன் 15, சனி

மலைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். துணுக்கு எடுத்த இடத்தில் காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தங்கிவிடலாம். சிலருக்குத்தான் வரும், ஆனால் வரும். அதோடு மலை ஏறினால், மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் சேரும்போது உப்பி நிற்குமே, அப்படி அந்தக் காற்றும் விரியும். வீட்டுக்குப் போகலாம் என்று சீட்டில் எழுதியிருந்தது. என் வீடு 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பது எழுதியவருக்கு எப்படித் தெரியும்? நானாகக் கேட்டேன். உடனே டாக்டர் இன்னொரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஏறுங்கள் என்றார். நீங்களும் கேளுங்கள்.

இரவு காய்ச்சல் லேசாக அடித்தது. டோலோ போட்டதும் இறங்கிவிட்டது.

ஜூன் 17, திங்கள்

எக்ஸ்ரே சுத்தம். அண்ணன் மகள் காரில் மேலே வந்தோம். கோவை வண்டி என்பதால் கல்லாறில் இ-பாஸ் கேட்டார்கள். "அத்தை இந்த ஊர்க்காரங்க சார்" என்றாள். வண்டி இந்த ஊர் இல்லையே என்றார் அவர். நியாயம்தான், பாஸைக் காட்டினோம்.

ஜூன் 20, வியாழன்

டிபி கிருமிக்கான மரபணுப் பரிசோதனை நெகட்டிவ். வாழ்த்துகள் என்று அண்ணி போனில் சொல்கிறார். என்ன சொல்வது?

ஜூன் 25, செவ்வாய்

கேன்சர்தான். இரண்டு இடத்திலும். ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ். கீமோ இப்போது வேண்டாம் என்றார்கள். அதைக் கேட்டபோதுதான் அழுகை வந்தது, அதற்கு முன்னால் இல்லை.

ஹார்மோனைத் தடுக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் ஊசி, புட்டத்தில் பக்கத்துக்கு ஒன்று. எண்ணெய் மருந்து என்பதால் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். முதல் மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதாமாதம். கூடவே கேன்சர் செல் பெருகுவதைத் தடுக்கும் பால்போசைக்ளிப், 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விட வேண்டும், வெள்ளையணு குறைகிறதா என்று ரத்தம் பார்த்துக்கொண்டே. 2023-ல் காப்புரிமை முடிந்து உள்ளூர்க் கம்பெனிகள் செய்ய ஆரம்பித்ததால் இதன் விலை எக்கச்சக்கமாக இறங்கியிருக்கிறது. இல்லாவிட்டால் என் பென்ஷனுக்கு நினைத்தே பார்க்க முடியாது.

ஒவ்வொரு ஊசிக்கும் கோவை இறங்க வேண்டுமா என்று கேட்டேன். முதல் ஊசி அங்கே, மற்றவற்றைக் குளிர் போகாமல் கொண்டுபோனால் குன்னூரிலேயே போடலாமாம். பக்கத்துத் தெரு நர்ஸ் சரி என்றிருக்கிறார். ஐஸ் பெட்டி ஒன்று வாங்க வேண்டும், அண்ணன் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.