எம்72 போல்ட்டுக்குப் பரப்பு எவ்வளவு?

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். உயரமான ஒரு எஃகுத் தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டை அஸ்திவாரத்தோடு பிடித்துவைக்கும் ஆங்கர் போல்ட்டுகளுக்குக் கணக்குப் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதுவரை எம்20, எம்24 (20, 24 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டுகள்) என்றே பழகிய கை. இழுவிசையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்பு எம்20 என்றால் 245 சதுர மி.மீ., எம்24 என்றால் 353 என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இந்தத் தூணுக்குத் தேவைப்பட்டது எம்72.

போல்ட் வலிமைக்கு வழக்கமாகப் புரட்டும் ஐஎஸ்ஓ 898-1 தரநிலையின் அட்டவணை எம்39-உடன் முடிந்துவிடுகிறது. வேறு கையேடுகளைத் தேடினேன். ஒன்றில் 4072, இன்னொன்றில் 3460, மற்றொன்றில் 3280. மூன்றுக்கும் தலைப்பு ‘பரப்பு’ என்றுதான் இருந்தது. 72 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குக் கணக்கிட்டால் 4072 சரியாக வந்ததால் அதையே எடுத்துக்கொண்டேன்.

தாளைப் பார்த்த மூத்த பொறியாளர் கேட்டது ஒன்றுதான். “தம்பி, பிட்ச் எவ்வளவு?”

அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையிலான தூரம்தான் பிட்ச். என்னிடம் பதில் இல்லை. அவர் பென்சிலால் மரையின் குறுக்குவெட்டை வரைந்து காட்டினார். 4072 என்பது மரை வெட்டாத தண்டின் பரப்பு. 3280 என்பது மரையின் அடிப்பள்ளத்தில் மிஞ்சும் பரப்பு. போல்ட்டை இழுத்தால் அது அறுவது இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள ஒரு பரப்பைப் பொறுத்தது. மரையின் நடுவிட்டத்துக்கும் அடிவிட்டத்துக்கும் சராசரி எடுத்தால் அந்தப் பரப்புக்குரிய விட்டம் கிடைக்கும். இதைச் சுருக்கமாகப் போட, போல்ட்டின் வெளிவிட்டத்திலிருந்து பிட்ச்சின் 0.9382 மடங்கைக் கழித்து, மிச்சத்தை வர்க்கமாக்கி, 0.7854-ஆல் பெருக்க வேண்டும். பிட்ச் 6 மி.மீ. என்றால் 72-இல் 5.63 போய் 66.37. பரப்பு 3460. அன்றைக்குப் பிறகு பெரிய போல்ட்டுக்கு நான் அட்டவணை தேடியதே இல்லை.

தண்டுப் பரப்பில் 0.78 பங்கு எடுத்தால் போதும் என்று ஒரு வழக்கு உண்டே, அதையாவது போட்டிருக்கலாமே என்று அப்போது தோன்றியது. எம்20-க்கு அது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் எம்64-க்கு மேல் சாதாரண மரையின் பிட்ச் 6-இலேயே நின்றுவிடுகிறது. விட்டம் மட்டும் வளர்கிறது. அதனால் எம்72-இல் அந்தப் பங்கு 0.85, எம்100-இல் 0.89. 0.78 போட்டால் ஆபத்தில்லை, எஃகுதான் வீண்.

பரப்பைத் திருத்தியதும் முடிந்தது என்று நினைத்தேன். அவர் விடவில்லை. நாங்கள் குறித்திருந்தது ஏ193 பி7 என்ற அமெரிக்கத் தரநிலை எஃகு. எம்64 வரை அதன் இழுவலிமை 860 மெகாபாஸ்கல். அதற்கு மேல் எம்100 வரை 795. தடிமன் கூடக் கூட, சூடாக்கிக் குளிர்விக்கும்போது உள்மையம் வரை கடினம் ஏறுவதில்லை. பரப்பும் வலிமையும் குறைந்ததில், என் தாளில் ஒரு போல்ட் தாங்கும் இழுவிசை 3,500 கிலோநியூட்டன் என்று இருந்தது 2,750 ஆனது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போனதைப் பார்த்து எனக்கு உள்ளங்கை வியர்த்தது. போல்ட் எண்ணிக்கையைக் கூட்டி, பேஸ் பிளேட்டை மறுபடி வரைந்தேன்.

போல்ட்டுகள் சைட்டுக்கு வந்த நாளில் நானும் போயிருந்தேன். நட் தனி ஆர்டரில் வந்திருந்தது. ஒன்றை எடுத்துக் கையால் திருகினால் ஒரு சுற்றுக்குள்ளேயே பிடித்துக்கொண்டது. மரையில் அழுக்கோ என்று கம்பித் தூரிகையால் தேய்த்தும் அதே கதை. கிரீஸைத் துடைத்துவிட்டு மரை மேல் ஸ்கேலை வைத்துப் பத்து மரை எண்ணினேன். 60 மி.மீ. வர வேண்டிய இடத்தில் 40. வந்தது நுண்மரை போல்ட், பிட்ச் 4. நட் பிட்ச் 6. பரப்பைப் பொறுத்தவரை கவலையில்லை, பிட்ச் 4-க்கு 3658. நான் கணக்கிட்டதைவிட அதிகம்தான். ஆனால் அந்த நட்டுகளில் ஒன்றுகூட உதவாது. டிராயிங்கில் ‘எம்72’ என்று மட்டும் எழுதியது நான். விற்றவர் மேல் பழி சொல்ல வழியில்லை.

அங்குல அளவிலும் இதே சிக்கல்தான். 2½ அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 4 மரை என்றால் 4.00 சதுர அங்குலம், 8 மரை என்றால் 4.44. விட்டத்தை மட்டும் சொல்லிப் பரப்பு கேட்பவருக்கு இரண்டில் எதைத் தருவது?

புது நட்டுகள் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் டிராயிங்கைத் திருத்தி ‘எம்72 × 4’ என்று எழுதி, பக்கத்திலேயே 3658 என்று பரப்பையும் போட்டேன். நட்டுகள் வந்ததும் முதல் நட்டை நானே திருகினேன். ஸ்பேனர் தொடாமல், விரலாலேயே பிளேட் வரை இறங்கியது.