ஏஐ கருவி வந்தபின் எங்கள் பட்டறையில் மேசைகள் மாறிய கதை

ஆத்தங்குடிப் பக்கம் ஒரு டைல்ஸ் பட்டறையில் நிர்வாகம் பார்க்கிறேன். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பி, "இந்த டிசைன், 600 சதுர அடி, எப்ப கிடைக்கும்?" என்று கேட்பார். அதற்கு விலையும் தேதியும் போட்டுப் பதில் எழுத ஒரு ஏஐ கருவியை வாங்கினோம். வாங்குவது சுலபமாகத்தான் இருந்தது. விற்பனை, பட்டறை, கிடங்கு, கணக்கு, அனுப்புதல் என்று அஞ்சு பிரிவும் வேலை செய்கிற விதத்தை மாற்றியதுதான் பெரும்பாடு. அதை விற்றவர்கள் யாரும் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

கருவி நல்ல தமிழில், மரியாதையாகப் பதில் எழுதியது. விற்பனை மேசைக்கு ஒரே சந்தோஷம், பட்டறையில் தினமும் சண்டை. காரணம் இதுதான். ஆபீஸ் சதுர அடியில் பேசும், பட்டறை எண்ணிக்கையில் பேசும், கிடங்கு அடுக்குக் கணக்கில் பேசும். 8 அங்குலக் கல் என்றால் 100 சதுர அடிக்கு 225 கல், 10 அங்குலம் என்றால் 144. அளவு குறிக்காத ஒரு ஆர்டர் மூன்று நோட்டில் மூன்று விதமாக ஏறும். தேதி இன்னும் மோசம். அட்வான்ஸ் விழுந்த நாளிலிருந்து கருவி எண்ணிக்கொண்டு போகும். எங்கள் கல் சூளையில் வேகிற சரக்கு இல்லை. கண்ணாடி மேல் அச்சு வைத்து, கையால் வண்ணம் ஊற்றி, சிமெண்ட் போட்டு, தொட்டித் தண்ணீரில் ஊறி, காய்ந்து வர வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது எத்தனை நாள் இழுக்கும் என்பது வானத்துக்குத்தான் தெரியும்.

இத்தனை வருடம் இந்த ஓட்டையெல்லாம் தெரியாமல் போனதற்கு எங்கள் மேஸ்திரி அண்ணன்தான் காரணம். ஆபீஸ் பையன் போன் போட்டால், "மழை கட்டியிருக்கு, பத்து நாள் தள்ளிச் சொல்லுப்பா" என்பார், அவ்வளவுதான். கருவி அவருக்குப் போன் போட்டுக் கேட்காது இல்லையா!

பட்டறை முதலாளி அய்யாவிடம் இதைக் கொண்டுபோனேன். பர்மாவில் கடை வைத்திருந்த குடும்பம் அவர்களுடையது. "தம்பி, அந்தக் காலத்துக் கடையில மேல மேலாள், அவருக்குக் கீழ அடுத்தாள், கடைசியில பெட்டியடிப் பையன்னு வரிசை உண்டு. பையன் எழுதுவான், கையெழுத்துப் போட மாட்டான். இதையும் அங்கேயே உட்கார வை" என்றார். ஆலோசகர் யாராவது வந்திருந்தால் இதையே நாற்பது பக்கத்தில் சொல்லியிருப்பார்.

அதன்படி, யார் எதற்குப் பொறுப்பு என்று எழுதினோம். பதிலைக் கருவி எழுதும். இருப்பு எண்ணிக்கை கிடங்குக்காரர் சொன்னதுதான். தேதி மேஸ்திரி சொன்னதுதான். தள்ளுபடி அய்யாவைத் தவிர யாரும் தரக்கூடாது. பட்டியலில் இல்லாத வண்ணம் கேட்டால் கருவி பதில் சொல்லாமல் மேஸ்திரிக்குத் தள்ளிவிட வேண்டும். எல்லா நோட்டிலும் கல் எண்ணிக்கைதான், சதுர அடி வாடிக்கையாளருக்கு மட்டும்.

மேஸ்திரியை டைப் அடிக்கச் சொல்வது நடக்கிற காரியமா? சாயங்காலம் வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிடுவார், கருவி எழுத்தாக்கும். முதல் வாரமே அவர் சொன்ன "தொண்ணூறு" 900 ஆக ஏறியது. அதிலிருந்து, எழுதியதைத் திரையில் பார்த்து அவர் "சரி" என்று சொன்னால்தான் கணக்கில் ஏறும். இந்த ஒரு படியைச் சேர்த்த பிறகு அவருக்கே கருவி மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது.

கமிஷனை மாற்றியதுதான் உண்மையில் கசந்தது. ஆர்டர் பிடித்தால் கமிஷன் என்று இருந்தவரை, விற்பனைக்காரர்கள் கருவியை எவ்வளவு சீக்கிரத் தேதி சொல்ல வைக்கலாம் என்றுதான் பார்த்தார்கள். இப்போது சொன்ன தேதிக்குச் சரக்கு போனால்தான் கமிஷன். இரண்டு பேர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு, பட்டறை தாமதித்தால் இவர்கள் பணம் ஏன் போக வேண்டும்? அதனால் தாமதம் பட்டறையால் என்றால் கமிஷன் குறையாது என்று அப்புறம் திருத்தினோம்.

கணக்கர் ஜிஎஸ்டி பில்லில் கருவி கை வைக்கக்கூடாது என்றார். ஒத்துக்கொண்டேன். வாடிக்கையாளர் பெயர், போன் நம்பரும் கருவிக்குள் போவதில்லை, ஆர்டர் எண் மட்டும்தான். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இலேயே வந்துவிட்டது. பின்னால் வம்பு எதற்கு?

திங்கள்கிழமை காலை அஞ்சு பிரிவும் அரை மணி நேரம் உட்கார்கிறோம். கருவி தப்பாகச் சொன்ன பதில்களைப் படித்து, யார் நோட்டிலிருந்து அந்தத் தப்பு வந்தது என்று பார்க்கிறோம். பாதிக்கு மேல் கிடங்கு நோட்டில்தான் வருகிறது, பழைய இருப்பை அடிக்காமல் விட்டிருப்பார்கள்.

லாரி ஏற்பாடு மட்டும் இன்னும் போனிலேயே ஓடுகிறது. கல் உடையாமல் போக எந்த டிரைவர், எந்த வண்டி என்பதெல்லாம் அனுப்புகிறவர் மனதில்தான் இருக்கிறது. பொங்கல் கழித்து அதை எழுத்தில் கொண்டுவரலாம் என்று அய்யா சொல்லியிருக்கிறார்.